சர்வீஸ் எப்படி?

பிப்ரவரி 3, திங்கள்

புதுச் சர்வே வேலை ஆரம்பம். எங்கள் ஆபீஸ் மேனேஜர் கோதண்டம் சார் காலையிலேயே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். அவர் பேசினால் டீ ஆறிவிடும். விஷயம் இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல ரோட்டுக்கும் கிரேடு உண்டு. ஏ என்றால் காலி ரோடு, இஷ்டத்துக்குப் போகலாம். அப்படியே பி, சி, டி, ஈ என்று இறங்கி எஃப்பில் முடியும். எஃப் என்றால் வண்டி நிற்கிறது. அதற்குக் கீழே எழுத்து கிடையாது. மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரும் நெடுஞ்சாலை, சாயங்காலம் ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிட்டால், எஃப்தான். சர்வே வேலைக்கு வந்த நாள் முதல் அந்த ரோட்டில் வேறு எழுத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் எஃப்பிலும் நல்ல எஃப், நாசமாய்ப் போன எஃப் என்று உண்டல்லவா? ஊர்ந்து ஊர்ந்து நகர்வது ஒன்று. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்று அடுத்த வண்டிக்காரரிடம் குடும்பக் கதை பேசுவது இன்னொன்று. ரோட்டில் மாட்டியிருக்கும் கேமரா இரண்டையும் எஃப் என்றே சொல்லும். அதனால் மாட்டிக்கொண்ட ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று ரோட்டை நடத்தும் கம்பெனிக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கேட்பது எங்கள் வேலை, எட்டுப் பேருக்கு நான் தலைவி.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரே பதில்தான். "ரயில்ல போனா இந்த வம்பே இல்ல."

மகள் பிருந்தா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பிருந்தாதான் கூப்பிட்டாள். "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த "ம்"மின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

தையில் வளைகாப்பு முடிந்தது. முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். என் அம்மா எனக்குச் செய்தாள், அவள் அம்மா அவளுக்குச் செய்தாள். என் மகள் மட்டும் ஐந்து விதச் சாதத்தையும் சாப்பிட்டுவிட்டு, புருஷனோடு மறைமலை நகருக்குக் காரில் ஏறிப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி தாம்பரத்தில். என் வீடு குரோம்பேட்டையில், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம். இதைக் கேட்டால் என்ன சொல்கிறாள் தெரியுமா?

"நீ எப்பம்மா வீட்ல இருக்கே? காலைல போனா ராத்திரிதான் வர்றே. உன் வீடே ரோடுதான். நான் வந்து டிவைடர்ல பெத்துக்கவா?"

போனை இவரிடம் கொடுத்துவிட்டுக் கீரை ஆய்ந்தேன். கோபம் வந்தால் கீரை ஆய்வது நல்லது. நாளைக்கும் சேர்த்து ஆய்ந்தாகிவிட்டது.

பிப்ரவரி 8, சனி

கேள்விகளை ஜனங்களிடம் சோதித்துப் பார்த்தோம். கோதண்டம் சார் எழுதிக் கொடுத்த முதல் கேள்வி: "இச்சாலையின் சேவைத் தரத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் அளிப்பீர்கள்?"

எங்கள் குழுவில் ஷகிலா கெட்டிக்காரி, எவ்வளவு சிடுசிடுப்பவரையும் பேச வைத்துவிடுவாள். அவள் போய் நாமக்கல் லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டாள். அவர் வண்டியிலிருந்து தலையை நீட்டி, "சேவையாம்மா? இங்க எங்க கிடைக்குது? எனக்கு எலுமிச்சை சேவைன்னா உசுரு" என்றார். அடுத்தவர் பெருமாள் கோயிலில் காலையில்தான் சேவை பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லி நெற்றியைக் காட்டினார். மூன்றாமவர் பென்ஷன்காரர், சமூக சேவைக்கு நன்கொடை கேட்கிறோம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

சிரித்துச் சிரித்து ஷகிலாவுக்கு விக்கல் வந்துவிட்டது. நான்தான் யோசித்து, "சேவை"யைத் தூக்கிவிட்டு "சர்வீஸ்" என்று போட்டேன். நல்ல தமிழ் ஆளுக்கு ஒரு அர்த்தம் கொடுத்தால் ரோட்டுத் தமிழ்தான் வழி. "சர்வீஸ் எப்படி இருக்குங்க? அஞ்சுக்கு எத்தனை குடுப்பீங்க?" பட்டென்று பதில் வந்தது. ஒருத்தரும் முழிக்கவில்லை. கோதண்டம் சார்கூட, "பிரமாதங்க தமயந்தி" என்றார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது ஆடிக்கொரு தரம்.

பிப்ரவரி 12, புதன்

இன்றுமுதல் சர்வே. வண்டலூரில் குடை போடுவதாக இருந்தது. நான் கூடுவாஞ்சேரிக்கு முன்னால் மாற்றினேன். அங்கேதான் நெரிசல் அதிகம், நிழலும் இருக்கிறது.

"அக்கா, பொண்ணு வீடும் அந்தப் பக்கம்தானே?" என்றாள் ஷகிலா.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் குடையை விரித்துக்கொண்டே, "சம்பந்தம் இல்லதான்" என்றாள்.

மெயின் ரோடு நிற்கிறது. அதை ஒட்டி, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், சர்வீஸ் ரோடு போகிறது. ஊர்க்காரர்களும் ஸ்கூல் வேன்களும் போகிற சின்ன ரோடு, போன மாதம்தான் புதுத் தார் போட்டார்கள். சுவரில் அங்கங்கே மெயினிலிருந்து சர்வீஸில் இறங்க வழி விட்டிருக்கிறார்கள். பொறுமை போனவர்கள் அதில் இறங்கித் தப்பிக்கிறார்கள். எங்கள் குடை அப்படி ஒரு வழியின் ஓரத்தில்.

மதியம் கழிப்பறைக்காகப் பிருந்தா வீட்டுக்குப் போனேன். மறைமலை நகர் ஒன்றும் பக்கமில்லைதான், ஆனாலும் தெரிந்த வீடு நல்லது. கையில் மாதுளம்பழம் இருந்தது, கொடுத்தேன். கால் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறை என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றபடி ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆய்வுக்காக ஒரு பயணம் செய்து பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நெரிசல் உச்சத்தில், மறைமலை நகரிலிருந்து தாம்பரத்துக்கு. எங்காவது தொடங்க வேண்டும் என்பதால் பிருந்தா வீட்டு கேட்டில் தொடங்கினேன். எங்காவது முடிக்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரி வாசலில் முடித்தேன். ஆட்டோக்காரர் மெயினில் கொஞ்சம், நின்றதும் சர்வீஸில் இறங்கிக் கொஞ்சம், மறுபடி மெயின் என்று எப்படியோ ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பரவாயில்லை.

வீட்டில் இவர், "இது ஆபீஸ் வேலையா, நம்ம வேலையா?" என்று கேட்டார். சாப்பாடு போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் வாரக் கணக்கு வந்துவிட்டது. வேகத்தில் எஃப். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஜனங்கள் கொடுத்த மார்க் ஐந்துக்கு நாலு.

கோதண்டம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "நம்ம ஜனங்களுக்குப் பொறுமை ஜாஸ்திங்க தமயந்தி. எஃப்புல நின்னுகிட்டு நாலு குடுக்கறான் பாருங்க."

எனக்கும் கொஞ்சம் இடித்தது. வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே நாலு கொடுக்கிறவர்களை நானே பார்த்தேன். ஆனால் நம் ஊரில் கேட்டவரை நோகடிக்க மாட்டார்கள், கூட ஒரு மார்க் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இடைக்கால அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கை போன சூட்டோடு ரோட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மெயின் ரோட்டில் ஜனங்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள், இடையிடையே சர்வீஸில் இறங்குகிறவர்களால்தான் ஓட்டம் கெடுகிறது, அதனால் கூடுவாஞ்சேரி வரை இறங்கும் வழிகளை ஒரு வாரம் அடைத்துப் பார்ப்பது என்று முடிவாம். வருகிற திங்கள் முதல்.

பிப்ரவரி 20, வியாழன்

வேலை முடிந்து ஆட்டோவில் ஏறினேன். மெயின் அசையவில்லை. "மெயின்ல போகாதப்பா, சர்வீஸ்ல இறங்கிடு. சர்வீஸ் நல்லாதான் இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

ஊரப்பாக்கம் வரும் வரை "சர்வீஸ், சர்வீஸ்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், மயக்கம் ஏதும் வந்துவிட்டதோ என்று.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையிலேயே குடைக்குப் போய்விட்டேன். தினமும் அந்த வழியில் போகும் தண்ணீர் லாரிக்காரர் கிருபாகரன் வந்தார். போன வாரம் எங்களுக்கு நாலு மார்க் கொடுத்தவர்.

"அண்ணே, சர்வீஸுக்கு நாலு குடுத்தீங்களே, எதை வச்சு?"

"ஏன், நல்லா தார் போட்ருக்கான்ல? பள்ளம் கிள்ளம் இல்ல. அந்த வேகத்தடையை மட்டும் எடுத்தான்னா அஞ்சே குடுக்கலாம்."

"மெயின் ரோடு?"

"மெயினை நீங்க எங்கம்மா கேட்டீங்க? கேட்டிருந்தா நாலு வார்த்தை குடுத்திருப்பேனே."

இன்னும் பத்துப் பேரைக் கேட்டோம். அத்தனை பேரும் அதேதான். நாங்கள் கேட்டது மெயின் ரோட்டை. அவர்கள் மார்க் போட்டது சர்வீஸ் ரோட்டுக்கு. இந்த ரோட்டில் சர்வீஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான், அது எனக்கும் தெரியும், தினமும் நானே சொல்கிறேன். ஜனங்களுக்குப் பிடித்தது அந்த இறங்கும் வழி. அதைத்தான் என் கையெழுத்தைக் காட்டி அடைக்கப் போகிறார்கள். "பிரமாதம்" வாங்கியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோதண்டம் சாரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். தடுப்புகள் வந்து இறங்கிவிட்டன, அடைத்துப் பார்த்த பிறகு கேள்வியைத் திருத்தி மறுபடி கேளுங்கள் என்று அங்கிருந்து பதில்.

"ஒரு வாரம்தானேங்க" என்றார் சார்.

சாயங்காலம் வெட்கத்தை விட்டுப் பிருந்தாவைக் கூப்பிட்டேன். "கண்ணு, நாளைக்கே கிளம்பி வந்துடு. திங்கக்கிழமைலேர்ந்து ரோடு சரியிருக்காது."

"டேட்டு மார்ச் பதினாறும்மா. எத்தனை நாளைக்கு அடைப்பாங்க?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரம்தானே. இங்க என் ரூம் என் கட்டில்னு நிம்மதியா இருக்கேன்மா. பத்தாம் தேதிவாக்குல வர்றேன். சத்தியமா."

மேற்கொண்டு வற்புறுத்தினால் பழைய சண்டை ஆகிவிடும் என்று விட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அடைத்துவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் தடுப்புகள், உள்ளே தண்ணீர் ஊற்றிக் கனமாக்கி வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி, பெயர் ஏகாம்பரம். பாவம், வருகிறவர்கள் எல்லாம் அவரைத்தான் திட்டுகிறார்கள். எங்கள் குடையைச் சர்வீஸ் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டோம்.

காலையில் நன்றாகத்தான் ஓடியது. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்கள் வந்தன. அதற்கப்புறம் ஒரு பக்கம் டிவைடர், ஒரு பக்கம் சுவர், நடுவில் ஜனங்கள். ஓரம் ஒதுங்க இடம் கிடையாது. இதற்குத்தான் எழுத்து இல்லை.

பிப்ரவரி 26, புதன்

பிருந்தாவுக்கு இடுப்பு லேசாக வலிக்கிறதாம். சூட்டு வலியாக இருக்கும். இருக்கட்டும்.

மார்ச் 1, சனி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுதக் கை ஓடவில்லை.

நேற்று சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். மாப்பிள்ளை யுவராஜ் போன் செய்தார். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அத்தை, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம்."

"எங்க இருக்கீங்க?"

"பொத்தேரி தாண்டி மெயின்ல. டிரைவருக்கு வழியை அடைச்சிருக்கறது தெரியல அத்தை. நிக்குது. அசையவே இல்ல."

தூரத்தில் சைரன் கேட்டது. அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரோ பாவம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சைரன் போட்டால் மட்டும் என்ன, ஒதுங்க நினைக்கிறவனுக்கும் ஒதுங்க இடம் வேண்டாமா? முன்னால் நிற்கிற வண்டிகள் வடிந்தால்தான் அது நகரும். வடிய இருந்த ஒரே வழி என் முன்னால் அடைத்துக் கிடந்தது.

தடுப்பைப் பிடித்து இழுத்தேன். அம்மிக்கல் மாதிரி இருந்தது. ஷகிலாதான், "அக்கா, அடில மூடி இருக்கு பாருங்க, தண்ணியை விட்டுடலாம்" என்று குனிந்தாள்.

ஏகாம்பரம் ஓடி வந்தார். "மேடம், தொடாதீங்க. பர்மிஷன் இல்லாம எடுக்கக் கூடாது. என் வேலை போயிடும்."

"இதை வைக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டவளே நான்தாங்க" என்றேன். "பின்னாடி கத்துதே ஆம்புலன்ஸ், அதுல இருக்கறது என் பொண்ணு."

அவர் அடுத்த தடுப்புக்குப் போய் அதன் மூடியைத் திருகினார்.

தண்ணீர் புதுத் தார் மேல் ஓடியது. நின்றிருந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து ஐந்தாறு பேர் இறங்கி வந்து, காலியான தடுப்புகளைத் தூக்கி ஓரமாக வீசினார்கள். ஷகிலா நடுவில் நின்று கையைக் காட்ட, பஸ், கார், லாரி என்று ஒவ்வொன்றாகச் சர்வீஸில் இறங்கின. ஒவ்வொரு வண்டியும் எனக்கு ஒரு வருஷமாகத் தெரிந்தது. வாய்விட்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். ஷகிலா சொன்னாள், எனக்கு நினைவில்லை.

கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கி, எங்கள் குடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், மருத்துவ உதவியாளர். பிருந்தா வயதுதான் இருக்கும். "இனிமே தாங்காது. இங்கேயே பார்த்துடலாம். அம்மா யாரு? நீங்க மட்டும் ஏறுங்க" என்றாள், ஏதோ டீ போடுகிறேன் என்பதுபோல. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஏறினேன். பிருந்தா என் கையைப் பிடித்தாள். இன்னும் நகக்குறி இருக்கிறது. திட்ட வேண்டும் என்று மாசக்கணக்காகச் சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்" என்று அதையே சொன்னேன். வெளியே ஷகிலா குடையைத் தூக்கி வந்து கதவை மறைத்துப் பிடித்திருந்தாள்.

பெண் குழந்தை. நல்ல குரல், அப்பா வழி. அது அழுத சத்தம் கேட்டு யாரோ ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார், அதைக் கேட்டு எல்லோரும் அடித்தார்கள். உதவியாளர் எட்டிப் பார்த்து அதட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

அங்கிருந்து தாம்பரம் வரைக்கும் சர்வீஸிலேயே வந்தோம். வேகத்தடையில்கூட மெதுவாக ஏறி இறங்கினார் டிரைவர்.

இவர் ரயிலில் வந்து எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே இவரை எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

தாயும் பிள்ளையும் நலம்.

தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. "நான்" என்று பதில் போட்டேன். கீழே என் கையெழுத்து. ஏகாம்பரத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன்.

கோதண்டம் சார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்க்க வந்தார். புதுக் கேள்வியை அவரிடம் சொன்னேன்: "மெயின் ரோட்டில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி இருக்கும் என்று நம்பிப் போகிறீர்களா?"

"இது இன்ஜினியரிங் கேள்வி மாதிரியே இல்லீங்களே" என்றார்.

"எஃப்புக்குள்ள நிக்கறவனுக்கு இதை விட்டா வேற கேள்வி கிடையாது சார்."

முதல் கேள்வியாக அதையே போட்டுவிடச் சொன்னார்.

பதினோரு மணிக்கு நர்ஸ் பதிவு எடுக்க வந்தாள். பெயர், எடை, நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"பிறந்த இடம்னு என்ன போடறது? இங்க பிறக்கலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் பிருந்தா முந்திக்கொண்டாள். குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"தலைப்பிரசவம்ல சிஸ்டர். அம்மா வீட்லதான்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "உங்க வீடு எங்கம்மா?"

"கூடுவாஞ்சேரி சர்வீஸ் ரோடு" என்றேன்.